கரிசலின் தீர்த்தம்: நீர் எதனால் புனிதமாகிறது?

கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் உடனுறை பூவனநாத சுவாமி கோயிலின் தீர்த்தம் அகத்தியர் தீர்த்தம் எனப்படுகிறது. வாதாபி, வில்வலன் என்னும் அசுரர்களை அழித்த பழி நீங்க, பொதிகைக்குப் போகும் வழியில் அகத்தியர் இங்கே ஈசனை வழிபட்டார் என்றும், அவர் உண்டாக்கியதே இத்தீர்த்தம் என்றும் தலபுராணம் சொல்கிறது. பங்குனிப் பெருந்திருவிழாவில் தேருக்குப் பின் தீர்த்தவாரியும் தெப்பமும் நடைபெறுகின்றன. ஆறு எதுவும் ஓடாத ஊரில், வானம் பார்த்த பூமியின் நடுவில், ஒரு முனிவரின் பழியையே கழுவும் ஆற்றல் ஒரு குளத்து நீருக்கு உண்டு என்று நம்பி மக்கள் தலைமுறை தலைமுறையாக அதில் இறங்கி வந்திருக்கிறார்கள்.

இந்த நம்பிக்கைக்குள் சமயங்கள் எல்லாம் எதிர்கொண்ட கேள்வி ஒன்று இருக்கிறது. நீர் தன் இயல்பிலேயே புனிதமானதா? மனிதர் மனத்தால் அது புனிதமாகிறதா? அல்லது மனிதர் அதை நடத்தும் முறையால் புனிதமாகிறதா? நீர் மிகுந்த நாடுகளிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. தாய்மார் குடத்தோடு நெடுந்தூரம் நடந்த கரிசலில் இது வெறும் தத்துவ விசாரணையாக நின்றுவிடவில்லை. யார் எந்தத் துறையில் இறங்கலாம், எந்த நீரைக் குடிக்கலாம், எதில் குளிக்கலாம், யாருக்குத் தரலாம் என்ற அன்றாட ஒழுங்காகவே அது இங்கே வாழ்ந்திருக்கிறது.

நிலமும் நீரும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை வட்டாரங்களும் அவற்றை ஒட்டிய சாத்தூர்ப் பகுதியும் சேர்ந்தது தென்தமிழகத்தின் கரிசல் காடு. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்வதால், மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும் மாதங்களில் இங்கே காற்று மட்டுமே வீசும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே ஆண்டுக்கான நீர். தூத்துக்குடி மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டர். அதிலும் சில நாள் அடைமழையில் பெரும்பங்கு வந்துபோய்விடும்.

கரிசல் மண்ணின் களி, நீர் பட்டால் உப்பும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். முதல் மழையை வெடிப்புகள் விழுங்கிக்கொள்கின்றன. களி உப்பி வெடிப்புகள் மூடிய பிறகு நீர் உள்ளே இறங்குவது மிகவும் குறைந்துவிடுகிறது. எனவே மழைநீர் ஓடைகளில் இறங்கிக் கண்மாய்க்கு ஓடுகிறது. அதே களி கண்மாயின் அடியில் படிந்து நீரைத் தாங்கியும் நிற்கிறது. நிலத்தடி நீரோ பல இடங்களில் உவர்ப்பு. ‘உப்புத் தண்ணிக் கிணறு’, ‘நல்ல தண்ணிக் கிணறு’ என்று ஊர் தோறும் பிரித்துச் சொல்லும் வழக்கம் இதனால் வந்தது. பத்துக் கிணறு வெட்டினாலும் குடிக்கத் தகுந்த நீர் ஒன்றில்தான் கிடைக்கும் என்ற நிலையில், வானத்திலிருந்து விழும் நீரைத் தேக்கிக் காப்பதே வாழும் வழி.

அதனால் இந்த வட்டாரத்தில் நீர்நிலைகள் அவற்றின் பணியால் வகைப்பட்டன. குடிநீருக்கு ஊருணி, அதில் கால் நனைப்பதும் துணி துவைப்பதும் மாடு இறக்குவதும் கூடாது. பாசனத்துக்குக் கண்மாய், அதற்கு மடை, மறுகால், கரை என்று தனித்தனி உறுப்புகளும் தனித்தனிப் பொறுப்பாளர்களும் உண்டு. வழிபாட்டுக்குக் கல் படி கட்டிய தெப்பக்குளம். குளிக்கவும் கால்நடைகளுக்கும் குட்டையும் ஓடையும். ஒரே மழையின் நீர்தான் இவை எல்லாவற்றிலும் நிற்கிறது. ஆனால் எந்த நிலையில் எதைச் செய்யலாம் என்ற வரம்பு வேறு. கரிசலில் நீரின் புனிதம் முதலில் இந்த வரம்புகளின் வடிவில்தான் தோன்றுகிறது. சாமி கும்பிடாத நாளிலும் ஊருணிக் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கும் வழக்கம் அதற்குச் சான்று.

நீரே புனிதம் என்னும் நிலை

முதல் நிலைப்பாடு தலபுராணங்களுடையது. தெய்வமோ முனிவரோ தொட்ட நீர், அந்தத் தொடர்பாலேயே ஆற்றல் பெறுகிறது. அதில் மூழ்குபவர் வினை நீங்குகிறது. கோயில் வழிபாட்டின் ஒவ்வொரு படியிலும் இந்த எண்ணம் செயல்படுகிறது. கும்பத்தில் நீர் நிரப்பி, மாவிலையும் தேங்காயும் வைத்து, மந்திரத்தால் தெய்வத்தை அதில் எழுந்தருளச் செய்கிறார்கள். அந்த நீரைக் கோபுரக் கலசத்தின் மேல் ஊற்றுவதே குடமுழுக்கு. அன்றாட அபிஷேகத்தில் மூலவர்மேல் வழிந்த நீர் கருவறையின் வடபுறச் சுவரிலுள்ள கோமுகி வழியாக வெளியே விழுகிறது. பசுமுகமாகவோ யாளி முகமாகவோ செதுக்கிய அந்தக் கல்வாய், தமிழ்க் கோயிலில் நீருக்காகச் செய்யப்பட்ட மிக நுட்பமான அணிவேலை. அடியார்கள் அதன் கீழ் கையேந்தி நீரைத் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள்.

இந்த நிலைப்பாட்டுக்குள்ளேயே கவனிக்க வேண்டிய ஒரு நெகிழ்வு உண்டு. பூசையின் தொடக்கத்தில் கங்கை, யமுனை, கோதாவரி, காவிரி முதலிய ஆறுகளை அழைத்து, கலசத்தில் உள்ள நீரில் வந்து தங்கும்படி வேண்டுகிறார்கள். கலசத்தில் இருப்பது உள்ளூர்க் கிணற்று நீர். வேண்டுதலுக்குப் பிறகு அது கங்கையாகிவிடுகிறது. அப்படியானால் புனிதம் ஓர் ஆற்றின் இடத்தோடு கட்டுண்டதன்று. எந்த நீரும், உரிய மனத்தோடு எடுக்கப்படும்போது, அந்த நிலைக்கு உயரக்கூடியது. ஆறில்லாத நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். கோவில்பட்டிக்காரர் காசிக்குப் போகாமலேயே தம் ஊர்த் தீர்த்தத்தில் அதைப் பெறுகிறார். ஆனால் இந்த நெகிழ்வே அடுத்த கேள்விக்கும் வாசலைத் திறக்கிறது. நீரைப் புனிதமாக்குவது மனம் என்றால், நீர் எதற்கு?

மனமே புனிதம் என்னும் நிலை

தமிழ் மரபு இந்தக் கேள்வியை வெளிப்படையாகவே கேட்டிருக்கிறது. திருவள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் புறத்தூய்மையையும் அகத்தூய்மையையும் பிரித்துக் காட்டி, முன்னது நீரால் வருவது என்றும் பின்னது வாய்மையால் மட்டுமே வெளிப்படுவது என்றும் சொல்கிறார். நீர் உடம்பின் அழுக்கோடு நின்றுவிடுகிறது. பொய்யைக் கழுவ அதற்கு வலிமை இல்லை. அப்பர் எனப்படும் திருநாவுக்கரசர் ஐந்தாம் திருமுறையில் இன்னும் கூர்மையாகக் கேட்கிறார். கங்கையிலும் காவிரியிலும் குமரித்துறையிலும் ஆடுவதை வரிசையாக எடுத்துக்கொண்டு, எங்கும் ஈசன் இருப்பதை உணராதவருக்கு அவற்றால் பயன் இல்லை என்கிறார். சித்தர்களில் சிவவாக்கியர் இவ்வழியில் மேலும் நெடுந்தூரம் சென்று, புறச் சடங்கு முழுவதையும் கேள்விக்கு உட்படுத்தினார்.

அப்பரின் வாதத்தில் இரண்டு முனைகள் உள்ளன. ஒன்று மறுப்பு: உணர்வில்லாத முழுக்கு வீண். மற்றொன்று விரிவு: ஈசன் எங்கும் இருக்கிறான் என்றால் கங்கையில் இருப்பவன் கரிசல் ஊருணியிலும் இருக்கிறான். ஆறுகளின் தரவரிசையை இந்தச் சிந்தனை தகர்க்கிறது. தகர்த்த பின் எல்லா நீரும் வெறும் நீராகத் தாழ்ந்துவிடவில்லை; எல்லா நீரும் தீர்த்தமாக உயர்கிறது. மறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவை விட்டுவிட்டால், நீரை எப்படி வேண்டுமானாலும் நடத்தலாம் என்ற முடிவுக்கு வர நேரும். அப்பரோ வள்ளுவரோ அங்கே போகவில்லை என்பதைப் பின்னால் காணலாம்.

நீரே உயிர் என்னும் நிலை

கரிசலில் மூன்றாவது நிலைப்பாடு ஒன்றும் பாறையில் பதிந்திருக்கிறது. கோவில்பட்டிக்கு மேற்கே உள்ள கழுகுமலையில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோவில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முற்றுப்பெறாமல் நிற்கிறது. அதே மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் உள்ளன. திருநெச்சுரம் என்றும் அரைமலை என்றும் அழைக்கப்பட்ட இவ்விடம் அன்று பெரிய சமணக் கல்விக் களம். ஆண் ஆசிரியர்களோடு குரத்தியர் என்னும் பெண் ஆசிரியர்களும் இங்கே இருந்தனர்.

சமணத் தத்துவத்தின்படி மண், நீர், தீ, காற்று ஆகியவற்றையே உடலாகக் கொண்ட ஓரறிவு உயிர்கள் உண்டு. அவற்றுள் நீரை உடலாகக் கொண்டவை நீருயிர்கள். நீர் உயிர்களுக்கு உதவுவது மட்டுமன்று, நீரே உயிர்த்திரள். எனவே ஒரு குடம் நீரை வீணாக்குவது கவனக்குறைவு என்பதைத் தாண்டி ஊறு செய்தலாகிறது. திகம்பரத் துறவியர் நீராடாமையை ஒரு நோன்பாகவே கொண்டனர். இல்லறத்தார் நீரைத் துணியில் வடிகட்டிக் குடித்து, வடிகட்டிய உயிர்களை நீரிலேயே திரும்ப விடும் வழக்கம் கொண்டனர். மழை குறைந்த இந்த நாட்டில் நீராடுவதை அறம் என்று போற்றிய மரபும், நீராடாமையை அறம் என்று போற்றிய மரபும் ஒரே மலையடிவாரத்தில் வாழ்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவானது ஒன்று: நீரைத் தொடுவதற்கு முன் மனிதர் ஒரு கணம் நின்று நினைக்க வேண்டும்.

யப்பான் காட்டும் மற்றொரு வழி

அந்த ஒரு கணத்தை ஒரு கலையாகவே வளர்த்த நாடு யப்பான். ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,700 மில்லிமீட்டர் மழையும் மலையருவிகளும் உள்ள நாடு அது. அங்கே ஷிண்டோ ஆலயங்களின் வாயிலில் சோசுயா என்னும் நீர்மண்டபம் இருக்கும். கல் தொட்டியில் நீர் விழுந்துகொண்டிருக்கும். மூங்கில் அகப்பைகள் வைத்திருக்கும். வழிபட வருபவர் ஓர் அகப்பை நீரை எடுத்து இடக்கையைக் கழுவி, வலக்கையைக் கழுவி, இடக்கையில் ஊற்றிய நீரால் வாய் கொப்பளிக்கிறார். கடைசியாக அகப்பையை நிமிர்த்தி, மிஞ்சிய நீரை அதன் காம்பின் மேல் வழியவிடுகிறார். தாம் பிடித்த காம்பை அடுத்து வருபவருக்காகத் தூய்மை செய்வதோடுதான் தம் தூய்மை நிறைவடைகிறது. ஓர் அகப்பை நீருக்குள் முழுச் சடங்கும் முடிந்துவிடுகிறது.

தேநீர்ச் சடங்குக்கான தோட்டங்களில் த்சுகுபாய் என்னும் கல் தொட்டி வேண்டுமென்றே தாழ்வாக வைக்கப்படுகிறது. உள்ளே செல்பவர் யாராக இருந்தாலும் குந்தி, தலை தாழ்த்தித்தான் கை கழுவ முடியும். கியோட்டோவின் ரியோஆன்ஜி ஆலயத்தில் உள்ள தொட்டி பழைய நாணயத்தின் வடிவம் கொண்டது. நடுவிலுள்ள சதுரக் குழியே நீர் நிற்கும் இடம். அதைச் சுற்றிய நான்கு எழுத்துகளும் அந்தச் சதுரத்தைத் தத்தம் உறுப்பாகக் கொண்டால்தான் முழுமை பெறும். போதும் என்பதை அறிதலே அவற்றின் கருத்து. நீர் நிற்கும் இடத்திலேயே நிறைவு என்னும் அறமும் எழுதப்பட்டிருக்கிறது.

ஷிஷி ஓதோஷி என்னும் மூங்கில் அமைப்பு பயிரை அழிக்கும் மான், பன்றி போன்றவற்றை விரட்ட உழவர் செய்தது. மூங்கில் குழாயில் நீர் மெல்ல நிறையும். நிறைந்ததும் எடை தாளாமல் கவிழ்ந்து நீரைக் கொட்டும். திரும்பி நிமிரும்போது கல்லில் மோதி ஓர் ஒலி எழும். பிறகு மீண்டும் அமைதி, மீண்டும் நிறைதல். காவல் கருவியாக வயலில் பிறந்த இது, கியோட்டோவின் ஷிசென்தோ போன்ற தோட்டங்களில் தியானக் கருவியாயிற்று. மேலைநாட்டு நீரூற்றையும் இதையும் ஒப்பிட்டு யமசாகி மசகாசு எழுதிய கட்டுரை யப்பானியப் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்றது. மேலே பீறிட்டு வெளியில் நிற்கும் நீரைக் கண்ணால் காண்பது ஒரு பண்பாடு. காணாத நீரின் ஓட்டத்தை ஒலிகளுக்கு இடைப்பட்ட அமைதியில் உணர்வது மற்றொரு பண்பாடு என்பது அவர் வாதத்தின் சாரம். மேல்நோக்கிப் பீறிடும் நீரூற்று யப்பானில் பிற்காலத்தது. அந்நாட்டின் மிகப் பழைய நீரூற்று என்று சொல்லப்படும் கனசாவா நகரின் கென்ரோகுஎன் தோட்டத்து நீரூற்று 1861ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உயரத்திலுள்ள குளத்தின் அழுத்தத்தாலேயே, எந்திரம் எதுவுமின்றி, அது எழுகிறது.

இதற்கும் அப்பால் யப்பானியர் ஒரு படி சென்றனர். கரேசன்சுயி எனப்படும் உலர் தோட்டங்களில் நீரே கிடையாது. கியோட்டோவின் டைசென்இன் தோட்டத்தில் நிமிர்ந்த பாறைகள் அருவியாகின்றன, வெண்சரளை ஆறாகிறது. சென் பௌத்தத் துறவியர் சரளையைச் சீவி அலைகளை வரைகின்றனர். நீரின் மெய்ம்மை ஈரத்தில் மட்டும் இல்லை, அதை நினைக்கும் மனத்திலும் இருக்கிறது என்பதை அந்தத் தோட்டம் எடுத்துரைக்கிறது.

கரிசலின் அணி

கரிசல் நாட்டில் நீரைப் பீறிட வைத்து அழகு பார்க்கும் கலை வளரவில்லை. அதற்கு இயற்கைக் காரணங்கள் உண்டு. நீரை மேலே எழுப்ப அதைவிட உயரத்தில் நீர் நிற்க வேண்டும். சமவெளியான கரிசலில் நீர் எப்போதும் ஊரின் தாழ்ந்த இடத்தைத் தேடிப் போய் நிற்கிறது. அனல் காற்று வீசும் கோடையில் துளித்துளியாகச் சிதறும் நீர், தேங்கி நிற்கும் நீரைவிட விரைவில் ஆவியாகும். ஊர் குடிக்கும் நீரை விளையாட்டாகச் செலவழிக்க மனமும் இடம் தரவில்லை.

ஆனால் அணிவேலை இல்லாமல் போகவில்லை. அது நீரைச் சுற்றி அமைந்தது. தெப்பக்குளத்தின் நாற்புறக் கல்படிகள், நடுவில் நீராழி மண்டபம், கரையில் கல்மண்டபம், வரத்துக்கால் சேரும் இடத்தில் செதுக்கிய தூம்பு ஆகியவை அந்த அணிகள். படிக்கட்டுகள் அழகுக்கு அழகு, அளவைக்கும் அளவை. எத்தனை படி நீர் நிற்கிறது என்பதைப் பார்த்தே இன்னும் எத்தனை மாதத்துக்கு வரும் என்று ஊர் கணக்கிட்டது. யப்பானியத் தொட்டி மனிதரைக் குந்த வைப்பதுபோல இந்தப் படிகள் மனிதரை இறங்க வைக்கின்றன. கோடை முற்ற முற்ற இறங்க வேண்டிய படிகள் கூடுகின்றன. நீரின் அருமையைக் கால்களே அறிந்துகொள்கின்றன.

உலர் தோட்டத்துக்கு இணையான ஒன்றும் தென்தமிழகத்தில் உண்டு. தெப்பத் திருவிழா நாள் வந்தும் குளத்தில் நீர் இல்லாத ஆண்டுகளில், தெப்பத்தைக் கட்டி ஒரே இடத்தில் நிறுத்தி, சாமியை அதில் எழுந்தருளச் செய்து விழாவை நடத்துவார்கள். இதை நிலைத்தெப்பம் என்பர். திருமலை நாயக்கர் வெட்டுவித்த மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்திலேயே வறண்ட ஆண்டுகளில் இவ்வாறு நடந்திருக்கிறது. டைசென்இன் துறவியர் நீரின்மையைத் தாமாகத் தேர்ந்துகொண்டார்கள். இங்கே நீரின்மை வந்து சேர்ந்தது. இருப்பினும் இரண்டும் நீரை மனத்தால் நிரப்பும் செயல்கள். நிலைத்தெப்பத்தில் கூடுதலாக ஒரு நினைவூட்டலும் இருக்கிறது. வெறுமையாகக் கிடக்கும் குளத்தை ஊர் முழுதும் ஒன்றாக நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. வரத்துக்கால் அடைபட்டதா, மழை பொய்த்ததா என்ற பேச்சு அங்கேயே எழுகிறது.

மழையை வேண்டுதல்

நீர் வராதபோது மனிதர் செய்வதிலும் அவர்களின் நீர்த்தத்துவம் வெளிப்படும். கரிசல் சிற்றூர்களில் மழைச்சோறு எடுத்தல் என்னும் வழக்கம் இருந்தது. மழை பொய்த்த ஆண்டில் பெண்கள் வீடு வீடாகச் சென்று உப்பில்லாச் சோறும் கூழும் வாங்கி, ஒன்றாகக் கலந்து, பொது இடத்தில் வைத்து ஒப்பாரி சொல்லி அழுது, பிறகு அதைப் பகிர்ந்து உண்பார்கள். இருப்பவர் வீட்டுச் சோறும் இல்லாதவர் வீட்டுக் கூழும் ஒரே பானையில் கலக்கின்றன. வானம் இரங்குமா என்பது அவர்கள் கையில் இல்லை. ஆனால் பஞ்சத்தை யாரும் தனியாகச் சுமக்க வேண்டாம் என்ற முடிவு அவர்கள் கையில் இருந்தது; அந்த முடிவை ஊர் இச்சடங்கில் எடுத்துவிடுகிறது.

இசை மரபிலும் இந்நிலத்தின் தாகம் பதிந்திருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்துக்கு வரும் வழியில் வறண்டு வெடித்த நிலத்தையும் வாடிய மக்களையும் கண்டு, அமிர்தவர்ஷினி ராகத்தில் ‘ஆனந்தாம்ருதகர்ஷிணி’ என்ற கிருதியைப் பாட மழை பொழிந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 1835ஆம் ஆண்டு தீபாவளியன்று எட்டயபுரத்திலேயே அவர் மறைந்தார்; அவருடைய சமாதியும் அங்கேயே உள்ளது. இந்த வரலாற்றை அற்புதமாக மட்டும் கொள்ள வேண்டியதில்லை. காவிரிப் படுகையின் திருவாரூரில் பிறந்தவர், தமக்கென ஒன்றும் கேட்காமல், அயலூர் மக்களின் தாகத்தைத் தம் வேண்டுதலாக்கிக்கொண்டார் என்பதே அதன் அறப்பொருள். மழைச்சோற்றிலும் இந்தக் கிருதியின் வரலாற்றிலும் வேண்டுதல் என்பது பிறருக்காகக் கேட்பதாகவே இருக்கிறது.

ஈகையால் வரும் புனிதம்

இங்கேதான் வள்ளுவரும் அப்பரும் மீண்டும் வருகிறார்கள். நீர் அகத்தைத் தூய்மை செய்யாது என்ற வள்ளுவரே, ஒப்புரவறிதல் அதிகாரத்தில், உலகுக்கு உதவ விரும்பும் பேரறிவாளனின் செல்வத்துக்கு நீர் நிறைந்த ஊருணியை உவமையாக்கினார். வான்சிறப்பு அதிகாரத்தைக் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தே வைத்தார். வானம் வறண்டால் தானமும் தவமும் வழிபாடும் நிலைக்கமாட்டா என்று அதில் கூறினார். அப்பரின் வரலாற்றில் இது இன்னும் தெளிவாகிறது. சேக்கிழார் கூறும்படி, திங்களூரில் அப்பூதியடிகள் தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்து வழிப்போக்கரின் தாகம் தீர்த்தார். அவ்வழியே வந்த நாவுக்கரசர் குளிர்ந்த பந்தலில் தம் பெயர் எழுதியிருப்பதைக் கண்டார். கங்கையாடியும் பயனில்லாதவர் உண்டு என்று பாடியவரின் பெயரால் அமைந்தது மற்றொரு நீராட்டுத்துறை அன்று; வழிப்போக்கருக்கான தண்ணீர்ப் பந்தல்.

இரு சான்றோரும் நீரிடமிருந்து ஒன்றைப் பறித்து வேறொன்றைக் கொடுத்தார்கள். தொட்டவரின் வினையைத் தானாகவே கழுவும் ஆற்றலை மறுத்தார்கள். கொடுப்பவரையும் கொள்பவரையும் இணைக்கும் அறத்தின் வடிவமாக அதை உயர்த்தினார்கள். கரிசல் ஊர்களில் சித்திரை வெயிலில் மண்பானை வைத்துத் தண்ணீரும் நீர்மோரும் பானகமும் தரும் பந்தல்கள் இவ்வறத்தின் தொடர்ச்சி. அங்கே பெறுபவர் யார், எந்த ஊர், திரும்பி என்ன தருவார் என்று கேட்பதில்லை.

கொடுத்தல் என்பது பந்தலோடு முடிவதில்லை. கண்மாயைக் காப்பதும் கொடுத்தலே. அது பின்னால் வருபவருக்குக் கொடுப்பது. கோடையில் வறண்ட கண்மாயிலிருந்து கரம்பை மண்ணை வெட்டி வயலுக்கு வண்டியில் அடிப்பார்கள். வயல் உரம் பெறும். கண்மாய் ஆழம் பெறும். மழைக்கு முன் வரத்துக்கால் வெட்டி, கரையைப் பலப்படுத்தும் பொது உழைப்பு குடிமராமத்து எனப்பட்டது. உருளைக்குடியைச் சேர்ந்த சோ. தர்மன் எழுதிய ‘சூல்’ நாவல் இந்தக் கண்மாய் வாழ்வையும் அது சிதைந்த விதத்தையும் சொல்கிறது; 2019ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கண்மாயைப் பேணும் பொறுப்பு ஊரின் கையைவிட்டுப் போனபோது கண்மாயைச் சுற்றியிருந்த நம்பிக்கைகளும் உயிர்களும் சேர்ந்தே அழிந்தன என்பது அந்நாவலின் துயரம்.

விலக்கலால் வரும் மாசு

புனிதத்தின் பெயரால் நடந்த பெருந்தவற்றையும் இங்கே சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் பொதுக் கிணற்றிலும் ஊருணியிலும் தெப்பக்குளத்திலும் இறங்கத் தடுக்கப்பட்டார்கள். பிறர் மேலிருந்து ஊற்றும் நீருக்காகக் குடத்தோடு காத்து நிற்க வைக்கப்பட்டார்கள். கரிசலும் இதற்கு விலக்கன்று. மாடு குடிக்கும் நீரை மனிதர் தொட்டால் தீட்டு என்ற வழக்கம், நீரின் புனிதத்தைக் காத்ததாகத் தன்னை எண்ணிக்கொண்டது.

1927 மார்ச் 20 அன்று மகாராட்டிரத்தின் மகாடில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானோரும் சவுதார் குளத்துக்கு நடந்து சென்று அதன் நீரை அள்ளிக் குடித்தனர். அது தாகத்துக்காக மட்டும் குடித்த நீர் அல்ல. தாங்களும் மற்றவரைப் போல மனிதர் என்பதை நிலைநாட்டக் குடித்த நீர். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் உறுப்பு, பொது நிதியால் பேணப்படும் அல்லது பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்ட கிணறு, குளம், நீராடு துறைகளில் சாதி, மதம், பால், இனம், பிறப்பிடம் காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்று வெளிப்படையாகக் கூறுகிறது. குளத்தையும் கிணற்றையும் ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டியிருந்தது. மேலே கண்ட நான்கு நிலைகளில் எதை எடுத்துக்கொண்டாலும் இந்த விலக்கலுக்கு நியாயம் கிடைக்காது. நீர் தன்னிலேயே புனிதம் என்றால் மனிதர் தொட்டு அது கெடாது. மனமே புனிதம் என்றால் விலக்கிய மனமே மாசுற்றது. நீரே உயிர் என்றால் அதைவிட அறிவு மிக்க மனித உயிரை வருத்துவது பெருங்கொடுமை. ஈகையே புனிதம் என்றால் மறுக்கப்பட்ட நீர் தன் புனிதத்தை அப்போதே இழந்துவிடுகிறது.

இன்றைய நிலை

இன்று கோவில்பட்டிக்குக் குடிநீர் சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருகிறது. தாமிரபரணி ஆறு இரும்புக் குழாய் வழியே கரிசலுக்கு ஏறிவருகிறது எனலாம். தாய்மாரின் நடையை இது குறைத்திருக்கிறது. அது பெரிய விடுதலை. அதே வேளையில் நீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. படிகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கு இருந்த அளவறிவு, குழாயைத் திறப்பவர்களுக்குத் தானாக வருவதில்லை. பல ஊர்களில் ஊருணிகள் தூர்ந்தன. சிலவற்றில் கழிவுநீர் கலந்தது. கண்மாய்களில் சீமைக் கருவேலம் மண்டியது. தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்ளும் அதே ஊர், அந்தத் தீர்த்தத்துக்கு வரும் வரத்துக்காலில் குப்பையைக் கொட்டும் முரண்பாடும் நிகழ்கிறது.

இந்த முரண்பாடு, நீரே புனிதம் என்னும் முதல் நிலையை மட்டும் தனியே பிடித்துக்கொள்வதன் விளைவு. நீர் எப்படியும் புனிதமாகவே இருக்கும் என்று நம்புபவருக்கு அதைக் காக்கும் கடமை தோன்றாமல் போகலாம். மனமே போதும் என்பவரும் நீரைப் புறக்கணிக்கலாம். இந்த இரண்டும் சமணம் கற்பித்த ஊறு செய்யாமையோடும், வள்ளுவரும் அப்பூதியும் காட்டிய ஈகையோடும் சேரும்போதுதான் முழுமை பெறுகின்றன. காம்பைக் கழுவி வைத்துப் போகும் யப்பானிய வழிபாட்டாளரும், கரம்பை வெட்டிக் கண்மாயை ஆழமாக்கிய கரிசல் உழவரும் வேறு வேறு சமயத்தினர். ஆனால் இருவரும் தமக்குப் பின் வருபவரை நினைத்தே தம் செயலை முடிக்கிறார்கள்.

எனவே நீர் எதனால் புனிதமாகிறது என்ற கேள்விக்குக் கரிசல் நாட்டின் வாழ்விலிருந்து ஒரு விடை கிடைக்கிறது. முனிவர் தொட்டதால் தொடங்கும் புனிதம், மனிதர் காப்பதால் நிலைக்கிறது. யாரையும் விலக்காமல் கொடுப்பதால் நிறைகிறது. அகத்தியர் தீர்த்தமானாலும் பெயரில்லாத ஊருணியானாலும் இந்த அளவுகோல் ஒன்றே. வரத்துக்கால் திறந்திருந்து, நீர் தூய்மையாக நின்று, படிகளில் எல்லாரும் இறங்க முடிந்தால் அது தீர்த்தம். இவற்றில் ஒன்று குறைந்தாலும், அந்தக் குறையை நீக்குவதே அவ்வூரார் செய்ய வேண்டிய முதல் வழிபாடு.